பூனாகலையில் இருந்து பல்கலைக்கழகத்துக்கு எவ்வளவு தூரம்?

 

கொஞ்சம் நீளமான பதிவு. தரம் 9, 10, 11இல் பிள்ளை படிக்கிற பெற்றோர் நேரம் ஒதுக்கி வாசியுங்கள். வாசிக்க முடியாத பெற்றோருக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.

வெட்டுப்புள்ளி வெளியானால் இரண்டு மூன்று நாளைக்கு முகநூல் முழுக்க வாழ்த்துப் பதாகைதான். பிள்ளையின் படம், பாடசாலையின் பெயர், போகப்போகிற பல்கலைக்கழகத்தின் பெயர், கீழே வாழ்த்துகிறவர்களின் பெயர் வரிசை. நாங்களும் போடுகிறோம், பகிர்கிறோம். லயத்துக் காம்பராவில், கரண்ட் போனால் மெழுகுதிரியில் படித்த பிள்ளை பல்கலைக்கழகம் போவது சின்ன விஷயமா? அந்தச் சந்தோஷத்தில் ஒரு துளியைக்கூட நாங்கள் குறைத்துப் பேச வரவில்லை.

ஆனால் எங்கள் பக்கத்துப் பதாகைகளை ஒரு நாள் வரிசையாக வைத்துப் பாருங்கள். பூனாகலை, கொஸ்லந்த, ஹல்துமுல்ல, ஹப்புத்தளை, பண்டாரவளை என்று தமிழ் மொழிமூலப் பாடசாலைகளின் பதாகைகள். அதிகம் கண்ணில் படுவது கலைப் பீடம். பேராதனை, கிழக்கு, யாழ்ப்பாணம், தென்கிழக்கு. நம் மாவட்டத்திலேயே, பதுளை பசறை வீதியில் இருக்கிற ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பூனாகலையில் பஸ் ஏறி, பண்டாரவளையில் மாறி, தெமோதரை, ஹாலிஎல தாண்டினால் பதுளை. காலையில் புறப்பட்டால் பகல் சாப்பாட்டுக்கு முன் பல்கலைக்கழக வாசலில் நிற்கலாம். யாழ்ப்பாணத்துக்கும் ஒலுவிலுக்கும் போகிற பிள்ளைகள் இந்த வாசலைக் காண்பதே இல்லை. ஏன் என்பதைத்தான் இங்கே பேசப் பார்க்கிறோம்.

முதலில் அந்தப் பல்கலைக்கழகம் என்ன என்று பார்ப்போம். நம்மில் நிறையப் பேருக்கு அது பதுளைக்குப் போகும்போது தெரிகிற ஒரு பெயர்ப் பலகை மட்டும்தான்.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் தொடங்கியது. 1952இல் பேராதனைக்குப் போனது. அதன் பிறகு யாழ்ப்பாணம், றுகுணை, கிழக்கு, தென்கிழக்கு, வயம்ப, சப்ரகமுவ என்று நாடு முழுக்கப் பல்கலைக்கழகங்கள் வந்தன. ஊவா மாகாணம் மட்டும் காத்துக்கொண்டே இருந்தது. 2005 ஜூன் 1ஆம் திகதிதான் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் அமைக்கப்பட்டது. நாட்டின் 14ஆவது தேசியப் பல்கலைக்கழகம் அது. முதலாவது வந்து 63 வருடம் கழித்து நம் மாகாணத்துக்கு ஒன்று.

தாமதமாக வந்தாலும் வித்தியாசமாக வந்தது. நாட்டின் வளங்களுக்கு மதிப்புச் சேர்ப்பதே தன் நோக்கம் என்று சொல்லித்தான் அது தொடங்கப்பட்டது. அதாவது, தேயிலையைத் தூளாக மூட்டை கட்டி விற்றால் ஒரு விலை. அதையே ஆராய்ந்து, பக்குவப்படுத்தி, புதிய பொருளாக்கி விற்றால் வேறு விலை. அந்த இரண்டாவது விலைக்கு வேண்டிய ஆட்களை உருவாக்குவதுதான் எண்ணம். அதனால்தான் அங்கே தேயிலைத் தொழினுட்பமும் மதிப்புச் சேர்த்தலும் என்றே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. ஏற்றுமதி விவசாயம், விலங்கு விஞ்ஞானம், நீரியல் வளத் தொழினுட்பம், கனிய வளமும் தொழினுட்பமும், கணினி விஞ்ஞானமும் தொழினுட்பமும் இருக்கின்றன. முகாமைத்துவ பீடத்தில் முயற்சியாண்மை, சுற்றுலா, மனிதவளம் பற்றிய கற்கைகள் உண்டு. பிறகு தொழினுட்பக் கற்கைகளுக்கென்றே தனிப் பீடமும் வந்தது. படிப்பு முழுக்க ஆங்கிலத்தில்.

இந்தப் பட்டியலை மறுபடி ஒருமுறை பாருங்கள். தேயிலை, ஏற்றுமதிப் பயிர், மாடு ஆடு, மண், சுற்றுலா. இவையெல்லாம் யாருடைய வாழ்க்கை? ஜூலை முதல் செப்டெம்பர் வரை காய்ந்த காற்று அடிக்கும்போது ஊவாத் தேயிலைக்கு வருகிற வாசனைக்கு உலகச் சந்தையில் தனிப் பெயர் உண்டு. அந்தக் காற்றில் முகம் வெடிக்க வெடிக்கக் கொழுந்து எடுப்பது எங்கள் பிள்ளைகளின் அம்மா. கொழுந்தை வாட்டுவது, உருட்டுவது, நொதிக்க விடுவது, காய வைப்பது, சலித்துத் தரம் பிரிப்பது என்று பெக்டரியில் நடக்கிற ஒவ்வொரு வேலையையும் மூக்கை வைத்தே சொல்லக்கூடிய அப்பாமார் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். இலை எந்த நிறத்துக்குத் திரும்பினால் அடுப்புக்கு ஏற்ற வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். அது ஏன் அப்படித் திரும்புகிறது என்று சொல்லித் தருகிற பட்டப்படிப்பு பதுளையில் இருக்கிறது. அவர்களின் பிள்ளை அங்கே போவதற்கு மட்டும் வழி இல்லை.

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்த மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையிலும் மண் சரிந்து குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறின. 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்தபோது மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. மழை விடாமல் பெய்தால் இரவில் தூக்கம் வராத ஊர் இது. பாறையையும் கனியத்தையும் படிக்கிற ஒரு துறை நம் மாவட்டத்துப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதைப் படித்த ஒரு பிள்ளை இந்த லயங்களில் இருந்து வந்தால், "இந்த மேட்டில் வீடு கட்டாதீர்கள்" என்று நமக்கு விளங்குகிற பாஷையில் சொல்ல ஓர் ஆள் இருக்கும்.

சரி, ஏன் போக முடியவில்லை? பிள்ளைகள் கெட்டித்தனம் இல்லையா? இல்லவே இல்லை. கணக்கை நிதானமாகப் பார்ப்போம்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பிள்ளைகளைத் தெரிவு செய்கிற முறை பெரும்பாலான கற்கைகளுக்கு இப்படித்தான். மொத்த இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில். 55 வீதம் மாவட்டங்களுக்கு. மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்கள் என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. அந்த 16இல் பதுளையும் உண்டு, நுவரெலியாவும் உண்டு, மொனராகலையும் உண்டு. ஆக, சட்டப்படி நமக்கு இரண்டு கதவு கூடுதலாகத் திறந்திருக்கிறது.

இப்போது கவனமாகக் கேளுங்கள். அந்த 55 வீதத்தை 25 மாவட்டங்களுக்கும் எப்படிப் பிரிக்கிறார்கள்? மாவட்டத்தின் சனத்தொகையைப் பார்த்து. 2012 குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். மலையகத் தமிழர், ஏனைய தமிழர், முஸ்லிம்கள் என்று தமிழ் பேசுகிற வீடுகளைச் சேர்த்தால் ஏறக்குறைய நால்வரில் ஒருவர். இத்தனை தலைகளையும் எண்ணித்தான் பதுளைக்கு இத்தனை இடம் என்று முடிவாகிறது. தேயிலைத் தொழினுட்பத்துக்கும் கனிய வளத்துக்கும் வைத்தியத்துக்கும் பொறியியலுக்கும் பதுளைக்கு ஒதுக்கப்படுகிற இடங்களில், லயத்தில் இருக்கிற ஒவ்வோர் ஆளின் தலையும் ஒரு கணக்காக இருக்கிறது.

இடம் எண்ணும்போது நாம் இருக்கிறோம். இடத்தை எடுக்கும்போது இல்லை. காரணம், அந்த இடத்துக்குப் போட்டி போட வேண்டுமானால் உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ தொழினுட்பமோ படித்திருக்க வேண்டும். அந்த வகுப்பு நம் பிள்ளைக்கு எட்டுகிற தூரத்தில் இல்லை.

இலங்கையில் அரச பாடசாலைகளை நான்கு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். 1ஏபி என்றால் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவும் உள்ள பாடசாலை. 1சி என்றால் உயர்தரம் உண்டு, ஆனால் கலையும் வணிகமும் மட்டும். வகை 2 என்றால் தரம் 11 வரை. வகை 3 என்றால் ஆரம்பப் பிரிவு. நாட்டில் சுமார் 10,000 அரச பாடசாலைகள் இருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான் 1ஏபி. அந்தப் பத்தில் ஒன்றும் பெரும்பாலும் நகரங்களில். தோட்டத்துப் பாடசாலைகளில் வகை 3, வகை 2தான் அதிகம். தப்பினால் 1சி. உங்கள் பிள்ளையின் பாடசாலை எந்த வகை என்று உங்களுக்குத் தெரியுமா? நாளைக்குப் போய்க் கேளுங்கள். பிள்ளையின் எதிர்காலத்தில் பாதி அந்த ஒரு எழுத்தில் இருக்கிறது.

இதை ஒரு நாளில் யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது அது தோட்டத்து வாசலில் நின்றுவிட்டது. தோட்டப் பாடசாலை தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என்று விட்டுவிட்டார்கள். ஒரு வாத்தியார், ஒரு மண்டபம், ஐந்தாம் வகுப்போடு முடிவு, பிறகு கொழுந்துக் கூடை. 1970களில்தான் அரசாங்கம் அந்தப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. மற்றவர்கள் ஆய்வுகூடத்தில் அமிலமும் காரமும் கலந்துகொண்டிருந்த முப்பது வருடம் நமக்கு அப்படியே போய்விட்டது. இன்று கட்டிடம் வந்திருக்கிறது, மாடி வந்திருக்கிறது, தரம் 11 வந்திருக்கிறது. அடுத்த படி வரவில்லை.

ஆசிரியர் பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நாங்கள்தான். 2014, 2015 காலத்தில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு மூவாயிரம் அளவில் ஆசிரிய உதவியாளர்களை எடுத்தார்கள். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. எங்களைப் போன்றவர்கள் அந்தக் கொடுப்பனவில் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் கணக்குப் பார்த்துக்கொண்டே வகுப்புக்குப் போய், பிறகு பயிற்சிக் கலாசாலை முடித்து ஆசிரியரானவர்கள். தமிழ், வரலாறு, சமயம், ஆரம்பக் கல்வி என்றால் நெஞ்சை நிமிர்த்திப் படிப்பிப்போம். ஆனால் எங்களில் பெரும்பாலோர் உயர்தரத்தில் கலை படித்தவர்கள். தரம் 12க்குப் பௌதிகவியலும் இரசாயனவியலும் இணைந்த கணிதமும் எங்களால் படிப்பிக்க முடியாது. அதைப் படித்தவர் வேண்டும்.

இது ஒரு வட்டம். விஞ்ஞான வகுப்பு இல்லாத ஊரில் படித்த பிள்ளை கலை படிக்கிறது. கலைப் பட்டதாரியாகவோ ஆசிரியராகவோ ஊருக்கே திரும்பி வருகிறது. ஊரில் கலை படிப்பிக்க ஆள் கூடுகிறது. விஞ்ஞானம் படிப்பிக்க ஆள் இல்லை. அதனால் விஞ்ஞான வகுப்பு இல்லை. வெளியில் இருந்து விஞ்ஞானப் பட்டதாரி ஒருவர் நியமனம் பெற்று வந்தால், குளிரும் தூரமும் தங்க இடமில்லாமையும் சேர்ந்து, சேவைக்காலம் முடிந்ததும் இடமாற்றத்துக்கு எழுதிவிடுகிறார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. சொந்த ஊரில் வயதான வாப்பாவும் உம்மாவும் இருப்பார்கள். இந்த மண்ணின் பிள்ளை ஒன்று விஞ்ஞானம் படித்துத் திரும்பி வந்தால்தான் வட்டம் உடையும்.

"கலைப் பிரிவு என்ன குறைச்சல்?" என்று சிலர் கேட்பார்கள். ஒரு குறையும் இல்லை. விரும்பிப் படித்தால் கலையைப் போல ஒன்றும் இல்லை. எங்கள் கேள்வி, பிள்ளை அதை விரும்பித்தான் எடுத்ததா என்பது. சாதாரணதரத்தில் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் ஏ எடுத்த பிள்ளையிடம், "என்ன படிக்கப் போகிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். "இங்க ஆர்ட்ஸ் மட்டுந்தான் இருக்கு சேர்" என்று பதில் வரும். உயர்தரத்தில் கலை, வணிகம், உயிரியல், பௌதிகம், இரண்டு தொழினுட்பப் பிரிவுகள் என்று ஆறு முக்கிய வழி இருக்கிறது. நகரத்துப் பிள்ளைக்கு ஆறையும் விரித்து வைத்து "எது வேண்டும்?" என்று கேட்கிறார்கள். நம் பிள்ளைக்கு முன்னால் ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

சில வீடுகள் கஷ்டப்பட்டு வழி தேடுகின்றன. பிள்ளையைப் பதுளையிலோ கண்டியிலோ சொந்தக்காரர் வீட்டில் விடுகிறார்கள், அல்லது போர்டிங். மாதத்துக்கு ஆகிற செலவைத் தோட்டச் சம்பளத்தில் தாங்க முடியாது. அப்பா கொழும்பில் கடைவேலைக்குப் போக வேண்டும், அல்லது அம்மா வெளிநாட்டுக்கு. பெண்பிள்ளை என்றால் அந்த யோசனையே வருவதில்லை. "பொம்பளப் புள்ளைய எங்க சேர் தனியா விடுறது?" என்று கேட்கிற அம்மாவுக்கு நாங்கள் என்ன பதில் சொல்வது? தோட்டமானாலும் சரி, வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்து முஸ்லிம் குடும்பமானாலும் சரி, இந்தக் கேள்வி ஒன்றுதான். அந்தத் தாய் படிப்புக்கு எதிரி இல்லை. பத்திரமான ஒரு விடுதி இருந்தால் நாளைக்கே அனுப்புவாள்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இது சிங்களம், தமிழ் என்ற சண்டை இல்லை. மீகஹகிவுல, கந்தகெட்டிய, ரிதிமாலியத்தைப் பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பிள்ளைக்கும் விஞ்ஞான வகுப்பு தூரம்தான். மாவட்டக் கோட்டா என்பது பதுளை நகரத்தையும் பூனாகலை லயத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கிறது. பின்தங்கிய மாவட்டம் என்ற சலுகையை அந்த மாவட்டத்தின் பின்தங்காத பாடசாலைகள் எடுத்துக்கொள்கின்றன. அவர்களும் படித்துத்தான் எடுக்கிறார்கள், திருடவில்லை. நம் பிள்ளை பந்தயத்துக்கே வரவில்லை என்பதுதான் குறை.

அடுத்தது, "மலையகத்துக்கென்று தனிப் பல்கலைக்கழகம் வேண்டும்" என்ற கோரிக்கை. பல வருடமாக மேடைகளில் கேட்டு வருகிறோம். அது வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு சமூகத்தின் அடையாளத்துக்கு, ஆய்வுக்கு, மொழிக்கு அது தேவை. ஆனால் ஊவா வெல்லஸ்ஸவைப் பார்த்து ஒரு பாடம் படிக்க வேண்டும். தேயிலைக்கு நடுவே, தேயிலைக்கே பட்டம் தருகிற பல்கலைக்கழகம் ஒன்று 2005இல் வந்தும், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு அது எட்டவில்லை. தேசியப் பல்கலைக்கழகம் எங்கே கட்டினாலும் 25 மாவட்டத்துப் பிள்ளைகளும் இசட் புள்ளியோடு வருவார்கள். கட்டிடம் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக யாருக்கும் இடம் தர மாட்டார்கள். நாளைக்கு ஹட்டனில் ஒன்று கட்டினாலும், அதன் விஞ்ஞான பீடத்துக்கு நம் பிள்ளையை அனுப்ப இதே தரம் 12 வகுப்பு வேண்டும்.

தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, அடுத்த வருடமே முழுப் பல்கலைக்கழகமானது. மர்ஹூம் அஷ்ரஃப் அவர்களின் பெயரை விட்டுவிட்டு அந்த வரலாற்றைச் சொல்ல முடியாது. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே கல்முனை, சாய்ந்தமருது, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்துப் பாடசாலைகளில் விஞ்ஞான வகுப்புகள் நடந்தன. அங்கிருந்து வைத்தியரும் பொறியியலாளரும் வந்துகொண்டிருந்தார்கள். பல்கலைக்கழகம் வரும்போது அதற்குள் நடந்துபோகப் பிள்ளைகள் தயாராக இருந்தார்கள். கிணறு வெட்டுமுன் வாளியும் கயிறும் வைத்திருந்த ஊர் அது. நாம் கிணற்றங்கரையில் நின்று, இன்னொரு கிணறு வேண்டும் என்று கேட்கிறோம். வாளியைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

ஆகவே என்ன கேட்க வேண்டும்? எங்கள் மனதில் இருப்பதைச் சொல்கிறோம். நீங்கள் திருத்துங்கள், சேருங்கள்.

ஒன்று. எல்லாப் பாடசாலையிலும் விஞ்ஞானப் பிரிவு வேண்டும் என்று கேட்டால் எங்கேயும் உருப்படியாக வராது. ஆறு பிள்ளைக்கு ஒரு வகுப்பு, அதற்கு அரை ஆசிரியர் என்று முடியும். பண்டாரவளை வலயத்தில் தமிழ் மொழிமூலமாக உயர்தர விஞ்ஞானம், கணிதம், தொழினுட்பம் மூன்றும் முழுமையாக நடக்கிற ஓர் இடத்தைப் பலப்படுத்தச் சொல்லிக் கேட்போம். பூனாகலை, கொஸ்லந்த, ஹல்துமுல்ல, ஹப்புத்தளைப் பிள்ளைகள் எல்லாரும் அங்கே வரட்டும். அதோடு ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தனித்தனி விடுதி. ஆய்வுகூடத்துக்குச் சமமான அவசியம் விடுதி. மேலே சொன்ன அம்மாவுக்குப் பதில் அதுதான்.

இரண்டு. அங்கே வருகிற விஞ்ஞான ஆசிரியருக்குத் தங்குமிடம் கொடுக்க வேண்டும். தோட்டங்களில் பூட்டிக் கிடக்கிற பழைய குவாட்டர்ஸ் எத்தனை! இரண்டைத் திருத்தினால் இரண்டு ஆசிரியர் குடும்பத்தோடு நிற்பார்கள்.

மூன்று. பல்கலைக்கழகத்திடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் ஊவாவின் பெயரைத் தாங்கி நிற்கிறீர்கள். வருடத்தில் ஒரு நாள் தரம் 9, 10 பிள்ளைகளைத் தோட்டப் பாடசாலைகளில் இருந்து அழைத்து உங்கள் ஆய்வுகூடத்தைக் காட்டுங்கள். தேயிலைத் துறையின் தமிழ் பேசும் மாணவர்கள் நாலு பேர் வந்து எங்கள் பிள்ளைகளோடு ஒரு மணித்தியாலம் பேசினாலே போதும். பிள்ளை கண்ணால் கண்டதைத்தான் கனவு காணும். பஸ் செலவுக்கு ஊர்க்காரரிடம் பணம் சேர்க்கும் வேலையை ஆசிரியர்கள் நாங்கள் பொறுப்பெடுக்கிறோம்.

நான்கு. ஆங்கிலம். அங்கே படிப்பு ஆங்கிலத்தில் என்று கேட்டதுமே பிள்ளைகள் பின்வாங்குகிறார்கள். பல்கலைக்கழகங்களில் புதிதாக வருவோருக்கு ஆங்கிலப் பயிற்சி கொடுக்கிறார்கள், அதனால் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. ஆனால் தரம் 6இல் இருந்து வாரத்துக்கு ஒரு பக்கமாவது பிள்ளை ஆங்கிலத்தில் வாசிக்க வேண்டும். அது நம் கையில் இருக்கிற வேலை, யாருடைய சுற்றறிக்கையும் தேவையில்லை.

ஐந்து. பெற்றோருக்கு. பிள்ளை தரம் 11 எழுதிய பிறகு யோசிக்காதீர்கள், தரம் 9இலேயே யோசியுங்கள். கணிதத்தில் சி போதும் என்று விடாதீர்கள். தொழினுட்பப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, அதில் படித்தும் பல்கலைக்கழகம் போகலாம் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. முகாமைத்துவக் கற்கைகளில் விஞ்ஞானம் கேட்காதவையும் உண்டு, கலை, வணிகம் படிக்கிற பிள்ளைகள் அதையும் பாருங்கள். மானியங்கள் ஆணைக்குழு வருடா வருடம் தமிழிலும் ஒரு கைநூல் வெளியிடுகிறது. எந்தக் கற்கைக்கு எந்தப் பாடம் வேண்டும் என்பது அதில் இருக்கிறது. கடைசி வாரத்தில் கொமியூனிகேஷன் கடைக்காரர் நிரப்பித் தருகிற விண்ணப்பத்தை நம்பிப் பிள்ளையின் நாலு வருடத்தைக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். பல்கலைக்கழகத் தெரிவில் ஒரு பிள்ளையின் மாவட்டம் எது என்பது, உயர்தரத்துக்கு முந்திய மூன்று வருட காலம் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தது என்பதை வைத்தே தீர்மானமாகிறது. வீடு பூனாகலையில் இருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது. நல்ல பாடசாலை என்று சாதாரணதரம் முடிய முன்பே வெளிமாவட்டத்துக்கு மாற்றினால், பதுளையின் கோட்டாவை இழக்க நேரலாம். கண்டியிலும் கொழும்பிலும் வெட்டுப்புள்ளி பல கற்கைகளுக்கு நம்மை விட உயர்ந்தது. மாற்றுவதற்கு முன் கைநூலில் அந்தப் பகுதியை வாசித்து, தெரிந்த ஓர் ஆசிரியரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

உயர்தரத்தில் தகுதி பெறுகிற எல்லாருக்கும் நாட்டில் அரச பல்கலைக்கழக இடம் இல்லை. ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்குத்தான் கிடைக்கிறது. மூன்று பேர் வெளியே நிற்கத்தான் போகிறார்கள். அதில் நம் பிள்ளை போட்டியிட்டுத் தோற்றால் தாங்கிக்கொள்ளலாம். ஓடவே விடாமல் ஓரத்தில் நிறுத்தி வைப்பதைத் தாங்க முடியாது.

அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு வருகிறவர்கள், தண்ணீர் டாங்கியையும் விளையாட்டுப் போட்டியையும் பேசி முடித்த பிறகு, இந்த ஒரு கேள்வியையும் அறிக்கையில் பதியச் சொல்லுங்கள்: "எங்கள் பாடசாலையில் தரம் 11 முடிக்கிற பிள்ளை விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்டால், தமிழில் எங்கே போய்ப் படிக்க வேண்டும்? அங்கே எத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள்?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். பத்துப் பாடசாலைகளில் இருந்து ஒரே கேள்வி வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போனால் அதை மேசைக்குக் கீழே தள்ள முடியாது. தேர்தல் காலத்தில் லயத்துக்கு வருகிறவர்களிடமும் அதையே கேளுங்கள். கூரைத் தகரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. தகரத்தோடு இதையும் கேளுங்கள்.

கேட்கிற வேலையில் ஆசிரியர்கள் நாங்களும் உங்களோடு நிற்போம், இன்ஷா அல்லாஹ். உங்கள் பாடசாலை எந்த வகை, பக்கத்தில் தமிழ் மொழிமூல விஞ்ஞான வகுப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். பூனாகலையில் தொடங்கி லுணுகலை வரைக்கும் ஒரு பட்டியல் தயாரிப்போம். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டுதான் அலுவலகப் படி ஏற வேண்டும்.